மழை விடுமுறையும் மாணாக்கன் மனமும்

மாணாக்கர் விரும்பும் பொருள்கள் பல. அவற்றுள் விடுமுறைக்கு நிகரானது பிறிதொன்று இல்லை என்பதை இச்சஞ்சிகையைப் படிக்கும் ஆசிரியர்களும் மறுக்கமாட்டார்கள். அவர்களும் ஒருகாலத்து மாணாக்கரே. விடுமுறையுள்ளும், முன்னரே நாட்காட்டியில் அச்சிடப்பெற்று வருவது ஒருவகை; எதிர்பாராது வானத்தினின்றும் வந்து விழுவது மற்றொருவகை. தீபாவளியும் கிறிஸ்துமஸும் எந்தக் கிழமையில் வருகின்றன என்பதை நாம் ஜூன் மாதத்திலேயே எண்ணி வைத்துவிடுகிறோம். மழை விடுமுறையோ அங்ஙனமன்று. முந்தின இரவு படுக்கப் போகும் வரையில் அஃது உண்டோ இல்லையோ என்பது ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே அதற்கு ஒரு தனிச் சுவை. அச்சுவை எனக்கு மூன்று ஆண்டுகளில் எவ்வாறு மாறிற்று என்பதையும், அவ்விடுமுறை உண்மையில் எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் இங்கே எழுதத் துணிகின்றேன்.

என் ஊர் தருமபுரி ஜில்லாவைச் சார்ந்த பாப்பாரப்பட்டி. வெளியூரார்க்கு இவ்வூர்ப் பெயர் தெரியுமாயின், அது பெரும்பாலும் சுப்பிரமணிய சிவாவினாலேயே இருக்கும். பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பவேண்டுமென்று அப்பெரியார் கருதிய இடம் இதுவே. 1923-ஆம் வருஷத்தில் சித்தரஞ்சன் தாஸ் இங்கு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகிப் புகைவண்டியில் ஏறலாகாதென்று அக்காலத்து அரசாங்கத்தாரால் தடுக்கப்பட்ட சிவா, கால்நடையாகவும் மாட்டுவண்டியிலுமாக ஊரூராகச் சென்று பேசியவர். 1925 ஜூலை 23-ஆம் தேதி இவ்வூரிலேயே உயிர் நீத்தார். நான் பள்ளியில் படித்த நாளில், வானம் சற்று இருண்டதும் 'இன்று பள்ளிக்கூடம் விடுவார்களா?' என்று யாரேனும் ஒருவன் வாய் திறந்தால், எங்கள் வாத்தியார் ஒருவர் உடனே சிவாவை இழுத்துவிடுவார். 'நோயோடு நடந்தவருடைய ஊரடா இது, தூறலுக்கா லீவு?' என்பார். அதற்குமேல் பேச்சு நிகழாது.

உண்மையில் அவர் அங்ஙனம் கூறவேண்டிய சந்தர்ப்பங்களே மிகச் சில. எங்கள் ஜில்லாவில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். சென்னையிலோ ஏறக்குறைய 1,400. வங்கக்கடலில் எழும் தாழ்வு மண்டலங்கள் கரையேறி, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன் முதலிய மலைகளைத் தாண்டி எங்கள்பால் வருவதற்குள் அவற்றின் வலி பெரும்பாலும் ஒடுங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை வேளைகளில் இடியுடன் பெய்யும் மழையே எங்களுக்கு முக்கியமானது. அம்மழை பள்ளி விட்ட பின்னர்த்தான் பெய்யும். பள்ளியை நிறுத்தும் குணம் அதற்கு இல்லை.

மழைக்கு விடுமுறை விடும் ஊர் அன்று எம்மூர்; மழை வேண்டி நோன்பிருக்கும் ஊர். மழை பொய்த்த காலத்துப் பெண்கள் வீடுதோறும் சென்று சோறு வாங்கி, அதனை ஒருங்கே கலந்து உண்டு பாடும் மழைச்சோற்று வழக்கமும், கொடும்பாவி கட்டி இழுக்கும் வழக்கமும் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் உண்டு. மழையைக் குடியானவர்கள் அளக்கும் அளவும் வேறு. 'இத்தனை மில்லிமீட்டர்' என்று அவர்கள் கூறார். 'ஓர் உழவு மழை' என்பர். ஏர் பூட்டுதற்குப் போதுமான ஈரம் மண்ணில் இறங்கிற்று என்பது அதன் பொருள். தண்ணீர் எங்களுக்கு அத்தகைய விஷயம். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருந்தபடியால் பல்லில் பழுப்புக்கறை ஏறிய முதியோரை எங்கள் ஜில்லாவில் எங்கும் காணலாம். 2013-ஆம் வருஷத்தில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்ட பின்னரே காவிரி நீர் எங்கள் குழாய்களுக்கு வரலாயிற்று. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, அதாவது 2016-ஆம் வருஷத்தில், தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களையும் வறட்சியுற்றவை என்று அரசாங்கம் அறிவிக்கவேண்டி வந்தது. அந்த ஆண்டில் என் தந்தையார் கிணற்றின் அடியை நோக்கி நின்ற தோற்றம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அன்று மாலை தொலைக்காட்சியில், வேறொரு ஜில்லாவில் மழையினால் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தி ஓடிற்று. அவ்வூர்ப் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள் என்று நான் எண்ணியதுண்டு. விடுமுறையை எண்ணியா, மழையை எண்ணியா என்று கேட்டால், இரண்டையும் எண்ணித்தான்.

இனி, இவ்விடுமுறை எவ்வாறு பிறக்கின்றது என்பதைச் சிறிது விரிவாகக் கூறுவேன். ஏனெனில் இதனை நாள்தோறும் பேசுவோரிலும் பலர் இதன் முறையை அறியார்.

மழையை முன்னுரைப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை. அதன் சென்னை மண்டல மையம் நுங்கம்பாக்கத்தில் உள்ளது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களால் அஃது எச்சரிக்கை வழங்குகின்றது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. நாள் என்பது இங்கே நள்ளிரவில் தொடங்குவதன்று, காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை ஒரு நாள். ஆகவே 'இன்றைய மழை' என்று காலையில் வெளியாகும் பட்டியலில் நாம் காண்பது பெரும்பகுதி நேற்றைய மழையே.

நான்கு நிறங்களுள் எதுவும் விடுமுறையன்று. சிவப்பு என்றால் 'உடனே செயற்படுக' என்று அதிகாரிகளுக்குக் கூறுவது. பள்ளியை மூடுக என்று கூறுவதன்று. மூடுவதா வேண்டாவா என்று தீர்மானிப்பவர் அந்தந்த ஜில்லாவின் கலெக்டர். 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஜில்லாப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திற்குத் தலைவர் அவரே. ஏரிகளின் நிலை, தாழ்ந்த பாலங்களின் மீது ஓடும் தண்ணீர், பழைய கட்டிடங்களின் சுவர்கள், அறுந்து தொங்கும் மின்கம்பிகள் இவையெல்லாம் அவர் கணக்கில் வரும். மற்றுமொரு காரணம் நம்மிற் பலர் எண்ணிப் பாராதது: வெள்ளம் புகுந்த பகுதிகளில் வீடிழந்தோரைத் தங்கவைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிக்கூடமே. வகுப்பறையில் பாயும் அடுப்பும் வந்துவிட்ட பின்னர் அங்கே பாடம் எங்ஙனம் நடக்கும்?

சில நாள் 'பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை' என்றும், சில நாள் 'பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை' என்றும் பிரகடனம் வரும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள 'கல்லூரி' என்னும் ஒரு சொல்லைக் காணாது நம் விடுதியில் எத்தனை பேர் பெருமூச்செறிந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. பிரகடனம் இரவே வந்துவிட்டால் நலம். சிலகால் காலை ஆறு மணிக்கு மேல் வரும். அதற்குள் தூரத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிவிட்டிருப்பர். கலெக்டரையும் குறை கூறுவதற்கில்லை. இரவில் விடுமுறை கொடுத்துக் காலையில் வெயில் காய்ந்தால் நகைப்பர். கொடாமல் இருந்து மழை கொட்டினால் வைவர். 2024 அக்டோபர் 16-ஆம் தேதிக்குச் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. வேளச்சேரிவாசிகள் முன்கூட்டியே தங்கள் மோட்டார் கார்களை மேம்பாலத்தின்மீது வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினர். தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட, அன்று எதிர்பார்த்த பெருமழை வரவில்லை. அதற்காக வானிலையாரை எள்ளினோர் பலர். யான் அங்ஙனம் எள்ளேன். கார்களைப் பாலத்தில் ஏற்றியவர்கள் முந்தைய ஆண்டில் அவற்றை மிதக்கக் கண்டவர்கள்.

கலெக்டருக்குப் பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்பும் காலமும் வந்துவிட்டது. சமூக ஊடகங்களில் 'ஐயா, நாளை லீவு விடுங்கள்' என்று எழுதுவோர் ஏராளம். 2022 ஆகஸ்டில் கேரளத்து ஆலப்புழை கலெக்டராகப் பொறுப்பேற்ற கிருஷ்ண தேஜா என்பவர், தம் முதல் உத்தரவே பிள்ளைகளுக்கான மழை விடுமுறை என்று குழந்தைகளை நோக்கி அன்போடு எழுதியதும், தண்ணீரில் இறங்காதிருக்கவும் வீட்டிலிருந்து படிக்கவும் அதில் கேட்டுக்கொண்டதும் நாடெங்கும் பரவிற்று. மறுபுறம், கலெக்டரின் பெயரால் பொய்ச் சுற்றறிக்கை புனைந்து வாட்ஸ்அப்பில் உலவ விடுவோரும் உண்டு. ஒருமுறை அத்தகையதொன்றை நம்பி என் அறைத்தோழர் ஒருவர் முற்பகல் முழுதும் உறங்கி, உட்டேர்வு ஒன்றை இழந்தார். அவர் பெயரை எழுதலாகாதென்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்.

குளிர்நாடுகளில் மழையின் இடத்தில் பனிப்பொழிவு நிற்கின்றது. நாம் 'பனி' என்பது பெரும்பாலும் மார்கழியில் புல்நுனியில் நிற்பதும், உதகையில் இரவில் உறைந்து காலையில் வெண்மையாகத் தெரிவதுமேயாம். அவர்கள் கூறுவது முழங்காலளவு வானத்தினின்று விழுந்து வழியை மறைப்பது. அமெரிக்காவில் கல்வி ஜில்லாவின் மேலதிகாரி விடியுமுன் எழுந்து சாலைகளின் நிலையை விசாரித்துப் பள்ளி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பார். முன்னாளில் வானொலியில் பள்ளிகளின் பெயர்களை வரிசையாகப் படிப்பார்களாம். தம் பள்ளியின் பெயர் வரும் வரையில் பிள்ளைகள் மூச்சடக்கிக் காத்திருப்பர். இரவு உடையை உள்வெளியாகத் திருப்பி அணிந்து படுத்தாலும், தலையணையின்கீழ் ஒரு கரண்டியை வைத்தாலும் மறுநாள் பனி விழும் என்பது அந்நாட்டுச் சிறுவர் நம்பிக்கை. எங்கள் பக்கத்து மழைச்சோற்றை மூடவழக்கம் என்று கூறுவோர் இதனையும் உடன் சேர்த்துக்கொள்க. இப்பொழுது அந்த இன்பத்திற்கும் இடையூறு வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கற்றுக்கொண்ட கணினிவழி வகுப்பைப் பனிநாளிலும் நடத்தலாமென்று சில நகரத்தார் துணிந்தனர். நியூயார்க் நகரில் 2024 பிப்ரவரி 13-ஆம் தேதி பள்ளிகளை மூடி வீட்டிலிருந்தே வகுப்பில் சேருமாறு பணித்தபோது, எண்ணற்ற மாணாக்கர் ஒரே நேரத்தில் உள்நுழைய முயன்று, நுழைய இயலாது திகைத்தனர். நம் ஊரில் மழை பெய்தால் முதலில் போவது மின்சாரம். ஆதலின் அவ்வச்சம் நமக்கு அத்துணை இல்லை.

யான் 2022-ஆம் வருஷத்தில் சென்னையில் நம் கல்லூரியில் சேர்ந்தேன். அவ்வாண்டு நவம்பரிலேயே முதல் மழை விடுமுறை கிடைத்தது. டிசம்பர் 9-ஆம் தேதி மாண்டஸ் புயலின் பொருட்டு மற்றொன்று. பாப்பாரப்பட்டியில் இளமை முழுவதும் கிடைக்காத பேறு ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பக் கிடைத்தமையால் என் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை. போர்வைக்குள் கிடந்து மரங்களின் இரைச்சலைக் கேட்டோம். விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் இருமுறை தேநீர் கேட்டு வாங்கினோம். அன்று இரவு மாமல்லபுரத்தருகே கரையேறிய புயலால் நகரில் நூற்றுக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன என்று மறுநாள் கேட்டபோதும், வீழ்ந்த மரங்களைப் படம் பிடிக்கச் சென்றோமேயன்றி வேறொன்றும் எண்ணவில்லை. ஊருக்குக் கைப்பேசியில் கூப்பிட்டு, 'இங்கே மழைக்கு லீவு விடுகிறார்கள், அம்மா' என்று பெருமையோடு சொன்னேன். 'அந்த மழையில் கொஞ்சம் இங்கே அனுப்பு' என்றார் என் தாயார்.

அம்மகிழ்ச்சியில் முதற்குறை விழுந்தது கணக்கினால். கல்லூரி மாணாக்கர்க்கு இது பழைய செய்தி; வெளியார்க்காகக் கூறுகின்றேன். பள்ளியில் திங்கட்கிழமைக்கென ஒரு பாடவரிசை உண்டு. திங்களன்று மழை பெய்தால் திங்கட்கிழமைக் கணக்குப் பாடம் ஒழிந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமைப் பாடமே. சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் கிழமைக்குப் பதிலாக ஒன்று முதல் ஆறு வரை நாள் வரிசை வைத்திருக்கிறார்கள். 'டே ஆர்டர்' என்பது மாணாக்கர் வழக்கு. நான்காம் வரிசை நாளில் மழை வந்து கல்லூரி மூடப்பட்டால், கல்லூரி திறக்கும் நாளும் நான்காம் வரிசை நாளே. எந்த வகுப்புக்கு அஞ்சி மழையை வேண்டினோமோ அந்த வகுப்பு வாயிற்படியில் நமக்காகக் காத்து நிற்கும். இதனை அமைத்தவர் மாணாக்கர் உள்ளத்தை நன்கு அறிந்தவர். இதுவன்றி, ஆண்டுக்கு 180 பாட நாள் குறையாதிருத்தல் வேண்டுமென்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. ஆகவே இழந்த நாள் சனிக்கிழமையாக மறுபிறப்பெடுத்து வருகின்றது. மழை விடுமுறை தானமன்று, கடன் என்பதை முதலாண்டின் இறுதியில் உணர்ந்தேன். ஆயினும் கடன் வாங்குவோன் வாங்கும்போது மகிழ்வது இயல்பே.

இரண்டாம் ஆண்டில் வந்தது மிக்ஜாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் அப்புயல் சென்னைக் கடலோரத்தை ஒட்டி மெல்ல ஊர்ந்து சென்றது. நான்காம் தேதி பொது விடுமுறை. பின்னர் ஐந்து, ஆறு என்று நீண்டுகொண்டே போயிற்று. முதல் நாள் உற்சாகம். இரண்டாம் நாள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் குடிதண்ணீரைக் குவளையால் அளந்து கொடுத்தார்கள். வகுப்பு வேண்டும் என்று ஒரு மாணாக்கன் வாய்விட்டுக் கூறியதை அன்றுதான் கேட்டேன், கூறியவன் யானே. முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து நாள்தோறும் வந்து படிக்கும் என் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டில் தண்ணீர் மார்பளவு நின்றதென்று கேட்டு, வழி திறந்ததும் நாங்கள் சிலர் அங்குச் சென்றோம். அவர் தாயார் சேற்றை முறத்தால் வாரிக்கொண்டிருந்தார். கொடிக்கயிற்றில் துணிகளோடு அவருடைய நோட்டுப்புத்தகங்களும் விரிந்து தொங்கின. மை கரைந்து எல்லாப் பக்கங்களும் ஒரே நீலமாக இருந்தன. 'இரண்டு பருவத்துக் குறிப்பு' என்றார் அவர். வேறொன்றும் கூறவில்லை. விடுதிக்குத் திரும்பி என் குறிப்புகளை அவருக்காகப் படியெடுக்கத் தொடங்கியபோதுதான், யான் எத்தனை வகுப்புகளில் குறிப்பே எடுக்கவில்லை என்பது புலனாயிற்று.

நம் கல்லூரி வாயிலருகே தள்ளுவண்டியில் சுண்டல் விற்கும் பெரியவரை அறியாதார் இரார். அந்த வாரத்திற்குப் பின் அவரிடம் சென்று, 'ஒரு வாரம் நல்ல ஓய்வு உங்களுக்கும்' என்று நகைத்துப் பேசினேன். 'உங்களுக்கு லீவு, தம்பி. எனக்குக் கடலை ஊறவைத்தது அத்தனையும் வீண்' என்றார். அவர் கோபத்தோடு கூறவில்லை. பொட்டலத்தில் வழக்கம்போல் ஒரு கை அதிகமாகவே போட்டுக் கொடுத்தார். அந்தச் சுண்டல் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய், இறங்கிற்று. ஆனால் அதற்குப்பின் 'லீவு' என்னும் சொல்லை அவர் முன் உரக்கக் கூறியதில்லை.

மூன்றாம் ஆண்டுக் கதையைக் கூறுமுன், மழையளவு என்பது என்ன என்று சற்று விளக்கல் வேண்டும். 'பத்து சென்டிமீட்டர்' என்று செய்தியில் கேட்கும்போது அது விரலளவாக நமக்குத் தோன்றுகின்றது. பெய்த மழை எங்கும் ஓடாமல், மண்ணில் இறங்காமல் சமதரையில் அப்படியே நிற்குமாயின் எத்துணை உயரம் நிற்குமோ அதுவே அவ்வளவு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏக்கரில் 33 சென்டிமீட்டர் மழை என்பது ஏறக்குறைய 13 லட்சத்து 35 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி 111 வந்து ஒரே ஏக்கரில் கவிழ்ப்பதற்குச் சமம். 33 என்னும் இவ்வெண்ணை ஏன் எடுத்தேன் என்பது இனி விளங்கும்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. அக்டோபர் மழையில் இழந்த நாளுக்கு ஈடாக அன்று எங்களுக்கு வகுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின இரவு பெஞ்சல் புயல் நெருங்குகின்றதென்று சென்னைக்கும் சுற்றுப்புறத்து ஜில்லாக்களுக்கும் விடுமுறை பிரகடனம் வந்தது. மழைக்காக வைத்த ஈடு வகுப்பையே மழை கொண்டுபோயிற்று என்று விடுதியில் ஒரே ஆரவாரம். மூத்த மாணாக்கனாகிய யானும் கைகொட்டினேன். அன்று விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். இரவில் புயல் புதுச்சேரியருகே கரையேறிற்று. சென்னை தப்பிற்று என்று எல்லாரும் உறங்கினோம்.

புயல் உறங்கவில்லை. கரையேறிய இடத்திலேயே பல மணி நேரம் அசையாது நின்று புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் மூழ்கடித்தது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிரைக் கொண்டது. பின்னர் அது மேற்கே, ஒருநாளும் அத்தகைய மழை வாராத எங்கள் திசையில், மெல்ல மெல்ல நகர்ந்தது. மலைகளைத் தாண்டுமுன் வலி ஒடுங்கிவிடும் என்று மேலே எழுதினேன் அன்றோ? அன்று ஒடுங்கவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி காலைப் பட்டியலில் ஊத்தங்கரை 50 சென்டிமீட்டர், விழுப்புரம் 42, அரூர் 33 என்றிருந்தது. ஊத்தங்கரை இப்பொழுது கிருஷ்ணகிரி ஜில்லாவில் உள்ளதாயினும், 2004-ஆம் வருஷம் வரை எங்கள் ஜில்லாவே. அங்கு ஏரி நிரம்பி வழிந்து, நிறுத்தியிருந்த வண்டிகளைச் சாலையில் உருட்டிக்கொண்டு போன காட்சியைக் கைப்பேசியில் கண்டோம். ஓராண்டு முழுவதும் 850 மில்லிமீட்டர் பெறும் சீமையில் 500 மில்லிமீட்டர் ஒரே நாளில்!

அரூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் என் தமக்கையைக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஏக்கரில் மரவள்ளி. குச்சிக்கிழங்கென்பது எங்கள் பக்கத்து வழக்கு. அன்று காலை முதல் அக்காவின் கைப்பேசிக்கும் மாமாவின் கைப்பேசிக்கும் மாறி மாறிக் கூப்பிட்டேன். இரண்டும் எடுபடவில்லை. பாப்பாரப்பட்டியிலிருந்து என் தந்தையார் புறப்பட எண்ணியும், வழியில் தண்ணீர் என்று கேட்டு நின்றுவிட்டார். தருமபுரி ஜில்லாவுக்கு அன்று பள்ளி, கல்லூரி விடுமுறை என்னும் செய்தி என் கண்முன் ஓடிற்று. சிறுவயதில் எத்தனையோ இரவு யான் வேண்டியும் வாராத செய்தி அது. சென்னையில் மழை ஓய்ந்திருந்தது. பகல் முழுவதும் கையில் கைப்பேசியும் எதிரில் புத்தகமுமாக இருந்தேன். முந்தாநாள் கைகொட்டியதை ஒருவரும் எனக்கு நினைவூட்டவில்லை, நினைவூட்ட வேண்டியிருக்கவுமில்லை.

இரவு ஒன்பது மணிக்கு மேல் அக்காவே கூப்பிட்டாள். மின்கோபுரமும் மின்சாரமும் இல்லாமையால் பேச இயலவில்லை என்றாள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மாட்டுக்கொட்டகையின் ஒரு பக்கச் சுவர் சாய்ந்தது. மாடுகளை முன்னரே மேட்டில் கட்டியிருந்தார்கள். 'காட்டில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது, தம்பி. பிள்ளைகளுக்கு நாளைக்கும் லீவாம். ஒரே குதிப்பு' என்று கூறிச் சிரித்தாள். அவள் மூத்த மகனிடம் கைப்பேசியைக் கொடுத்தாள். 'மாமா, எங்களுக்கும் மழை லீவு!' என்றான் அவன். அவனுக்கு என்ன விடை கூறுவதென்று எனக்குத் தெரியவில்லை. 'நல்லது, தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்றேன். ஆலப்புழை கலெக்டர் கூறியதும் ஏறக்குறைய அதுதானே.

மரவள்ளியை அறியாதார்க்கு ஒரு செய்தி. நெல்லேயாயின் சில நாள் தண்ணீரில் நிற்கும்; கிழங்கு நில்லாது. வேர் அழுகத் தொடங்குமுன் பறித்துவிடல் வேண்டும். பறித்த கிழங்கைச் சேகோ ஆலையார் நிறையைக் கொண்டு மட்டும் வாங்குவதில்லை. அதிலுள்ள மாவின் அளவை 'பாயிண்டு' என்று சோதித்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை கூறுவர். நீர் கோத்த கிழங்கு நிறை கூடியிருக்கும், மாவு குறைந்திருக்கும். பொங்கலுக்குப் பின் பறிக்கவேண்டியதை மாமா டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே பறித்து ஏற்றினார். கிடைத்த தொகை, ஆளுக்கும் வண்டிக்கும் கொடுத்ததுபோக, கொட்டகைச் சுவரை எடுத்துக் கட்டப் போதுமானதாக இருந்தது. ஆயினும் எங்கள் ஏரியில் அவ்வாண்டு தண்ணீர் நின்றது என்பதையும், என் தந்தையார் கிணற்றருகே நின்றபோது இம்முறை முகம் வேறாக இருந்தது என்பதையும் மறைப்பது நேர்மையன்று. ஒரே புயல் தமக்கையின் காட்டை அழித்துத் தந்தையின் கிணற்றை நிரப்பிற்று. அதனை யான் எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்பொழுது யான் முதுகலை வகுப்பில் இருக்கின்றேன். அக்டோபர் பிறந்து வானம் இருண்டதும் இளைய மாணாக்கர் என் அறை வாயிலில் கூடிவிடுகின்றனர். வானிலைப் படங்களைப் பார்க்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு வீண்பெயர் உண்டு. 'அண்ணா, நாளைக்கு லீவு உண்டா?' என்று கேட்கின்றனர். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. முதலாண்டில் என் மகிழ்ச்சியையும் யாரும் கெடுக்கவில்லை. படத்தை விரித்துச் சென்னைக்கு எவ்வளவு, செங்கற்பட்டுக்கு எவ்வளவு என்று கூறுவேன். அதற்குமுன் மேற்கே விரலை நகர்த்தி அரூரை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அவர்கள் அதனைக் கவனிப்பதில்லை.

நவம்பர் 30-ஆம் தேதி வகுப்புக்கு ஈடான வகுப்பு பின்னர் டிசம்பரில் ஒரு சனிக்கிழமை நடைபெற்றது. அது நான்காம் வரிசை நாள். முதல் மணி, யாப்பிலக்கணம். வகுப்பில் எல்லாரும் வந்திருந்தோம்.